கடைசியாக வந்தவரின் ஓய்வு

இருபது பேர் சேர்ந்து ஒரு பாதையில் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் புறப்பட்டு மாலைக்குள் நடந்து முடிக்க வேண்டிய பாதை. அவர்களுள் இளைஞரும் உண்டு, முதியவரும் உண்டு. மலையேறிப் பழகியவரும் உண்டு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவரும் உண்டு. இந்தக் குழு எவருடைய வேகத்தில் நடக்க வேண்டும்? வலியவரின் வேகத்திலா, எளியவரின் வேகத்திலா, இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு வேகத்திலா?

'எளியவரின் வேகத்தில்தான், இதில் ஐயம் என்ன?' என்று கிறிஸ்தவ உள்ளம் உடனே விடை கூறிவிடும். அவ்விடை சரியானதே என்று நாமும் கருதுகிறோம். ஆயினும், நாவால் எளிதாகச் சொல்லிவிடும் அந்த விடையைக் கால்களால் சொல்ல முற்படும்போதுதான் அதனுள் எத்தனை முடிச்சுகள் இருக்கின்றன என்பது புலனாகிறது. அம்முடிச்சுகளில் சிலவற்றையேனும் அவிழ்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குத் துணையாக ஓர் இடத்தை வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். இத்தாலி நாட்டின் வடமேற்கில், ஜெனோவா நகருக்குக் கிழக்கே, லிகூரியக் கடலுக்குள் ஒரு மலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. போர்த்தோபீனோ மலை என்பது அதன் பெயர். உயரம் 610 மீட்டர்தான். ஆனால் கடலோரத்திலேயே செங்குத்தாக எழும்புவதால், ஏறுகிறவருக்கு அது இருமடங்காகத் தோன்றும். மலையின் தென்புறப் பாறை விந்தையானது. வெவ்வேறு நிறமும் அளவும் கொண்ட கூழாங்கற்கள் எண்ணற்றவை ஒன்றாகச் சேர்ந்து, காலப்போக்கில் இறுகி, ஒரே பாறையாகி நிற்கின்றன. மலையின் மேற்கு அடிவாரத்தில் கமோலி என்னும் பழைய மாலுமிகளின் ஊர்; தென்கிழக்கு முனையில் போர்த்தோபீனோ துறைமுகம். இரண்டுக்கும் நடுவே, காடு கடலில் இறங்கும் ஒரு சிறு குடாவில், சான் புருத்துவோசோ என்னும் பழைமையான பெனடிக்ட் சபை மடம் இருக்கிறது. துறவியர் அதைவிட்டுச் சென்று பல நூற்றாண்டுகள் ஆயின. 1983-ஆம் ஆண்டு முதல் இத்தாலியின் பண்பாட்டுச் சின்னங்களைப் பேணும் அறக்கட்டளை ஒன்று அதைக் காத்து வருகிறது. அம்மடத்துக்கு இன்றளவும் சாலை கிடையாது. நடந்து போகலாம், அல்லது படகில் போகலாம்.

உரோமையில் இறையியல் மேற்படிப்புக்குச் செல்லும் தமிழ்க் குருக்கள் பலர், கோடை விடுமுறையில் இத்தாலியப் பங்குகளில் உதவிப் பணி செய்வது வழக்கம். 2005-ஆம் ஆண்டு நாமும் அவ்வாறு லிகூரியாவின் ஒரு சிறு பங்கில் இருந்தோம். விடுமுறை முடிந்து உரோமைக்குத் திரும்பும் முன், செப்டம்பரில் ஒரு சனிக்கிழமையன்று, பங்கு மக்களோடு கமோலியிலிருந்து சான் புருத்துவோசோவுக்கு நடந்து செல்லும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. நம்மையும் சேர்த்து இருபது பேர். மேலே கேட்ட கேள்வியை நூல்களில் அல்லாமல் கற்படிகளில் நாம் சந்தித்தது அன்றுதான்.

இத்தாலிய மலைப்பாதைகளில் ஒரு வழக்கம் உண்டு. வழிகாட்டிப் பலகைகளில் பெரும்பாலும் தூரம் எழுதப்பட்டிருக்காது, நேரமே எழுதப்பட்டிருக்கும். 'இவ்விடத்திற்கு ஒன்றே கால் மணி' என்பது போல. 1863-இல் தொடங்கப்பட்ட இத்தாலிய மலையேற்றக் கழகம் இப்பாதைகளை வகைப்படுத்தி, சிவப்பும் வெள்ளையுமாக அடையாளமிட்டுப் பேணி வருகிறது. எளிய பாதை, நடந்து பழகியவருக்கான பாதை, தேர்ந்தவருக்கான பாதை என்று தரமும் பிரித்திருக்கிறார்கள். மிகவும் பயனுள்ள ஏற்பாடு. இதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் 'ஒன்றே கால் மணி' என்பது எவருடைய ஒன்றே கால் மணி என்று கேட்டுப் பாருங்கள். சராசரி நடையாளர் ஒருவருடையது என்பார்கள். அந்தச் சராசரி நடையாளரை இதுவரை எவரும் நேரில் கண்டதில்லை. அவருக்கு முழங்கால் வலிப்பதில்லை. இடுப்பில் குழந்தை இல்லை. நேற்றிரவு அவர் நன்றாக உறங்கியிருக்கிறார். பலகைக்கு அவர் தேவை. ஆனால் பலகையில் உள்ள நேரத்தைக் குழுவின் கடமையாக்கிவிட்டால், உலகில் இல்லாத ஒருவருக்காக இருக்கிற அனைவரும் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டியதாகிறது. (நம் பங்குகளில் நிகழ்ச்சி நிரல் வகுக்கும்போதும் இந்த மனிதர் நம் மேசையருகே வந்து அமர்ந்துகொள்கிறார் என்பதைப் பங்குப் பேரவையினர் அறிவர்.)

கமோலியிலிருந்து சான் ரோக்கோ சிற்றாலயம் வரை கற்படிகள். ஒலிவத் தோட்டங்களுக்கும் வீட்டு மதில்களுக்கும் இடையே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். கொள்ளைநோயாளரைப் பேணிய புனித ரோக் பெயரால் அமைந்த அவ்வாலயத்தின் முற்றத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 220 மீட்டர் மேலே, நின்று மூச்சு விடலாம். முன்னால் ஜெனோவா வளைகுடா முழுவதும் விரிந்து கிடக்கும்.

அங்கு ஏறிய முக்கால் மணி நேரத்துக்குள்ளாகவே குழு மூன்று துண்டாகிவிட்டது. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. அவரவர் கால் அவரவரை இழுத்துச் சென்றது, அவ்வளவே. முன்னே சென்ற ஐந்தாறு பேர் ஒரு திருப்பத்தில் நின்றார்கள். தண்ணீர் குடித்தார்கள். காலணிக்குள் புகுந்த மண்ணைத் தட்டினார்கள். கடலைப் பார்த்தார்கள். பத்து நிமிடம் கழித்துக் கடைசி ஆள் முகம் சிவந்து வந்து சேர்ந்தார். 'வந்துவிட்டீர்களா? நல்லது, புறப்படுவோம்' என்று எல்லாரும் எழுந்தார்கள்.

இக்காட்சியைச் சற்று நின்று நோக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். ஓய்வு மிகக் குறைவாகத் தேவைப்பட்டவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு கிடைத்தது. மிகுதியாகத் தேவைப்பட்டவருக்கு அறவே கிடைக்கவில்லை. ஒரு நாளில் இதுபோல ஐந்து நிறுத்தங்கள் இருந்தால், வலியவர் ஐம்பது நிமிடம் இளைப்பாறியிருப்பார். எளியவர் காலைமுதல் மாலைவரை நிற்காமலே நடந்திருப்பார். இதில் வேடிக்கை என்னவெனில், தீய எண்ணம் எவருக்குமே இல்லை. முன்னே சென்றவர்கள் உண்மையிலேயே காத்திருந்தார்கள். 'அவருக்காக நாங்கள் ஐந்து முறை நின்றோம்' என்று அவர்கள் கூறினால் அது பொய்யன்று. அவர்களது மனச்சான்று தெளிந்த நீர்போல இருக்கும். பின்னே வந்தவராலும் முறையிட முடியாது. தமக்காக நின்றவர்களிடம் எப்படி முறையிடுவது? அன்றியும், மூச்சு வாங்கும் வேளையில் முறையிட மூச்சு ஏது?

எளியவரின் வேகத்தில் நடப்பது என்பதை அவருக்காகக் காத்திருப்பது என்று நாம் பொருள்கொண்டுவிடுகிறோம். சிக்கலின் வேர் இங்கேதான் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. காத்திருத்தல் நம் கடனைத் தீர்த்துவிட்டது போன்ற உணர்வைத் தருகிறது. 'என் நேரத்தில் பத்து நிமிடத்தை உனக்குத் தந்தேன்' என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். புனித தோமா அக்குவினாசு, அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, நீதியை இருவகையாகப் பிரிப்பதை நம்முள் குருமடம் கண்டவர்கள் அறிவர். வாங்கியதற்கு ஈடாகக் கொடுக்கும் பரிமாற்ற நீதி ஒன்று. பொதுவில் உள்ளதை அவரவர் நிலைக்குத் தக்க விகிதத்தில் பங்கிடும் பகிர்வு நீதி மற்றொன்று. முன்னதில் பத்துக்குப் பத்து சமம். பின்னதில் விகிதமே சமத்துவம். ஒரு குழுவின் ஓய்வு நேரம் என்பது பொதுச் சொத்து. அதைப் பங்கிடும் இடத்தில் நாம் பரிமாற்றக் கணக்கைக் கொண்டுவந்து வைக்கிறோம். கணக்கு சரியாகவே இருக்கும், இடம்தான் தவறு.

திருப்பலியின் தொடக்கத்தில் பாவங்களை ஏற்றுக்கொள்ளும்போது சிந்தனை, சொல், செயல் ஆகிய மூன்றுக்கும் பிறகு நான்காவதாக ஒன்றைச் சொல்கிறோம்: கடமையில் தவறியது. நான்காவதற்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் பலரும் தடுமாறுவர். செய்யாமல் விட்டதைக் கண்ணால் காண்பது அரிது. அந்தத் திருப்பத்தில் செய்யாமல் விடப்பட்டது ஐந்தே நிமிடம் மேலும் அமர்ந்திருத்தல்.

அன்று அதைச் செய்தவர் ஒருவர் இருந்தார். இத்தாலியக் குழுநடைகளில் முன்னே செல்லும் தலைவரைப் போலவே, எல்லாருக்கும் பின்னே வர ஒருவரை நியமிப்பார்கள். அவருக்கு 'ஸ்கோப்பா' என்று பெயர். பொருள், துடைப்பம்! கடைசித் துரும்பையும் விட்டுவிடாமல் கூட்டிக்கொண்டு வருபவர் என்பது கருத்து. எங்கள் துடைப்பம் ஓய்வுபெற்ற தபால்காரர். அறுபதைத் தாண்டியவர், ஆயினும் அக்குழுவின் இளைஞர் எவரையும் நடையில் வெல்லக்கூடியவர் என்று பிறர் கூறக் கேட்டோம். கடைசி ஆளோடு அவர் வந்து சேர்ந்தார். எல்லாரும் எழுந்தார்கள். அவரோ ஒரு கல்லின்மேல் அமர்ந்து, பையிலிருந்து ஓர் ஆப்பிளையும் சிறு கத்தியையும் எடுத்தார். தோலை அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவத் தொடங்கினார். துடைப்பம் கையுயர்த்தும்வரை தலைவர் புறப்படக்கூடாது என்பது விதி. எனவே எழுந்தவர்கள் மீண்டும் அமர்ந்தார்கள். ஓர் இளைஞன், 'ஐயா, நடந்துகொண்டே சாப்பிடலாமே' என்றான். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் சீவினார். அடுத்த நிறுத்தத்தில் இன்னோர் ஆப்பிள். அதற்கடுத்து ஒரு பீச்.

களைத்து வந்தவரைக் காட்டி, 'இவர் சற்று இளைப்பாறட்டும்' என்று அவர் கூறியிருக்கலாம். அதுவும் இரக்கமே. ஆனால் அந்த இரக்கம் இருபது பேரின் பார்வையையும் ஒருவர்மீது குவித்திருக்கும். களைப்போடு நாணமும் அவருக்குச் சுமையாகியிருக்கும். தபால்காரர் அச்சுமையைத் தம் ஆப்பிளின்மேல் ஏற்றிக்கொண்டார். மெதுவாகத் தின்னும் கிழவர் என்று தாம் பெயரெடுத்தார். அருகில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவரை எவரும் கவனிக்கவில்லை. இறையியல் நூல்களில் இதற்கு என்ன பெயர் என்று தேடிப் பார்த்தோம். இடக்கை அறியாமல் ஈவதைப் பற்றி ஆண்டவர் கூறியதற்கு இது பக்கத்தில் வரும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2013-இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், ஆயர் சிலவேளை மக்களுக்கு முன்னேயும், சிலவேளை அவர்கள் நடுவேயும், சிலவேளை பின்தங்கியவர்களுக்குத் துணையாகப் பின்னேயும் நடக்க வேண்டும் என்று எழுதினார். மூன்றாவது இடத்தைப் படித்தபோதெல்லாம் நமக்கு அந்தக் கத்திதான் நினைவுக்கு வந்தது. 2021 முதல் 2024 வரை நடந்த ஆயர் மாமன்றத்தின்போது 'சேர்ந்து நடத்தல்' என்ற சொல் நம் பங்குகளிலும் பெரிதும் பேசப்பட்டது. மாமன்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் பொருளே 'உடன்வழி' என்பதாம். சொல் நல்ல சொல். சேர்ந்து நடப்பவர்கள் எங்கே உட்காருவார்கள் என்பதையும் பேசியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

விவிலியத்தில் வேகத்தைப் பற்றிய உரையாடல் ஒன்று உண்டு. தொடக்கநூல் 33-ஆம் அதிகாரத்தில் ஏசாவும் யாக்கோபும் இருபது ஆண்டுகளுக்குப் பின் சந்தித்துத் தழுவிக்கொள்கின்றனர். சேர்ந்து பயணம் செய்வோம் என்கிறார் ஏசா. அவரோடு நானூறு ஆண்கள். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர்கள், கறவைகளும் குட்டிகளும் உடன் உள்ளன, ஒரு நாள் விரட்டினாலும் மந்தை மடிந்துவிடும், எனவே நீர் முன்னே செல்லும், நான் இவர்களுடைய நடைக்குத் தக்கவாறு மெல்ல வருகிறேன் என்று விடையளிக்கிறார். எளியவரின் வேகத்துக்கு இதைவிட அழகிய சாட்சி ஏது என்று மறையுரைகளில் நாம் மகிழ்ந்து எடுத்தாள்வதுண்டு. ஆனால் அதே அதிகாரத்தைத் தொடர்ந்து படித்தால் ஒரு செய்தி நம்மைத் திடுக்கிட வைக்கும். சேயீருக்கு வருகிறேன் என்று சொன்ன யாக்கோபு சேயீருக்குப் போகவே இல்லை, சுக்கோத்துக்குப் போய்விட்டார். அண்ணனோடு நடக்க அவருக்கு அச்சம். அந்த அச்சத்தைச் சொல்ல நாணி, பிள்ளைகளின் கால்களைக் காரணம் காட்டினார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. ஆக, எளியவரின் பெயரால் மெதுவாக நடப்பவர் எல்லாரும் எளியவருக்காகவே நடக்கிறார்கள் என்பதில்லை. 'மக்கள் இன்னும் பக்குவமடையவில்லை' என்று சொல்லி மாற்றங்களைத் தள்ளிப்போடுகிற தலைவர்களை நாம் கண்டதில்லையா? பிள்ளைகள் நடக்கத் தயாராகத்தான் இருந்தார்கள்.

யோவான் நற்செய்தியில் வேறொரு விரைவு வருகிறது. வெற்றுக் கல்லறையை நோக்கிப் பேதுருவும் மற்றச் சீடரும் ஓடுகின்றனர். மற்றவர் வேகமாக ஓடி முதலில் சேர்கிறார். குனிந்து பார்க்கிறார், உள்ளே நுழையவில்லை. பேதுரு வந்து முதலில் நுழைகிறார். பேதுருவின் தலைமைக்கு இப்பகுதியைச் சான்றாகக் காட்டுவோர் உளர். அது இருக்கட்டும். மற்றச் சீடரை மெதுவாக ஓடும்படி நற்செய்தியாளர் எங்கும் கேட்கவில்லை என்பதையே நாம் சுட்ட விரும்புகிறோம். அவருடைய கால்களின் விரைவு குற்றமாகவில்லை. வாயிலில் நிற்கத் தெரிந்திருந்தது, அவ்வளவே.

இங்கே வலியவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். உடல் வலிமையும் இறைவனின் கொடையே. பதினோராம் பத்திநாதர் திருத்தந்தையாவதற்கு முன் தேர்ந்த மலையேறி. 1889-இல் மோந்தே ரோசா சிகரத்தை அதன் கடினமான கிழக்கு முகத்தின் வழியே ஏறியவர். தூரின் நகரத்து இளைஞர் பியர் ஜார்ஜோ பிரசாத்தி, ஏழைகளின் வீடுகளுக்கு உதவிகளைச் சுமந்து சென்ற அதே கால்களால் ஆல்ப்ஸ் மலைகளிலும் ஏறினார்; நண்பர் குழுவோடு மலையேறிச் செபித்தார். 1925-இல் 24 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் இறந்த அவரை, 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்தார். இவர்களிடம் சென்று, 'உங்கள் மகிழ்ச்சியை அடக்கிக்கொள்ளுங்கள்' என்று எவர் சொல்வார்? வலிமையை வெறுப்பது எளியவர்மீது கொண்ட அன்பாகாது. சிலவேளை அது பொறாமையின் மாறுவேடமே.

சான் ரோக்கோ முற்றத்தில் இந்தக் கேள்வி உண்மையாகவே எழுந்தது. அங்கே வழி பிரிகிறது. ஒன்று கடலோரப் பாறைகளை ஒட்டியது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பீரங்கி அரண்களைக் கடந்து, பாறையில் பதித்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு செல்ல வேண்டிய இடங்கள் அதில் உண்டு. தேர்ந்தவருக்கான பாதை. மற்றொன்று காட்டினூடே மலைமுதுகுவரை ஏறி, செஸ்ட்நட் மரங்களின் நிழலில் சென்று, மறுபுறம் மடத்துக்கு இறங்குவது. மூன்றாவது, வந்த படிகளிலேயே இறங்கிக் கமோலியில் படகேறுவது.

நால்வர் சங்கிலிப் பாதைக்கு ஆசைப்பட்டார்கள். எழுபதைக் கடந்த கைம்பெண் ஒருவர், 'எனக்கு இந்தப் படிகளே போதும். படகில் வருகிறேன்' என்றார். குழு பிரியலாமா? பிரிந்தால் அது குழுதானா? சிலர் முகம் சுளித்தார்கள். சேர்ந்து வந்தோம், சேர்ந்தே போவோம் என்றார்கள். நல்ல உள்ளத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த அம்மையார் அவர்களுக்காக மலைமுதுகுவரை ஏறவேண்டியிருக்கும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. ஒற்றுமையின் பெயரால் எளியவர்மீது வலியவர் பாதையைச் சுமத்துவதும் நடக்கக்கூடியதே.

தலைவர் எல்லாரையும் அமரச் செய்து, ஒவ்வொருவரும் எவ்வழி போகிறார் என்பதை அவரவர் வாயால் சொல்ல வைத்தார். நால்வர் சங்கிலி வழி, பதினால்வர் காட்டு வழி, அம்மையார் படகு. அவரோடு எவர் போவது என்றபோது சற்று அமைதி நிலவியது. பிறகு சங்கிலிப் பாதையைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த நால்வருள் ஒருவன், இருபது வயது மாணவன், 'நான் போகிறேன்' என்றான். மூவரானார்கள். மடத்து முற்றத்தில் சந்திப்பது, எவர் முதலில் சேர்ந்தாலும் உணவுப் பொதியைப் பிரிப்பதில்லை என்று முடிவாயிற்று.

இவ்வாறு பிரிந்ததில் தவறில்லை என்பது நம் எண்ணம். குழுவை உடைப்பது வெவ்வேறு வழிகள் அல்ல, சொல்லாமல் பிரிவதுதான். படிகளில் முன்னே நழுவிச் சென்றவர்கள் ஒரே பாதையில் இருந்தும் பிரிந்திருந்தார்கள். லூக்கா நற்செய்தியில், சிறுவன் இயேசு எருசலேமிலேயே தங்கிவிட்டதை அறியாமல் மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணம் வந்துவிடுகிறார்கள். பயணக் குழுவில் எங்கேனும் இருப்பார் என்று எண்ணிக்கொண்டார்களாம். திருக்குடும்பத்துக்கே நேர்ந்தது இது. பெரிய குழுவாக நடக்கும்போது ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவது எவ்வளவு இயல்பானது!

காட்டு வழியில் வேறொரு பாடம் காத்திருந்தது. நடுவயதினர் ஒருவர், ஆள் திடகாத்திரமானவர். பியேத்ரே ஸ்திரெத்தே என்னும் மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கியபின்தான், முழங்காலில் பழைய வலி உண்டு என்று கூறினார். ஏறும்போது வராத வலி இறங்கும்போது வரும் என்பது அவருக்குத் தெரியும். வழி பிரிந்த இடத்தில் சொல்லியிருந்தால் படகில் வந்திருப்பார், நாணத்தால் சொல்லவில்லை. ஒரு மணி நேர இறக்கம் இரண்டு மணி நேரமாயிற்று. எளியவருக்கும் கடமை உண்டு என்று இங்கே சொல்லத் தயங்கவில்லை. தம் வலியை உரிய நேரத்தில் சொல்வது குழுவுக்குத் தரும் நம்பிக்கை. ஆனால் 'ஏன் முன்பே சொல்லவில்லை?' என்று சினந்தவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றியது. சொல்லியிருந்தால் அவரை எப்படிப் பார்த்திருப்பீர்கள்? வலியைச் சொல்லும் துணிவு, அதைக் கேட்பவர் முகத்தைப் பொறுத்தது. திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, வலுவற்றவையாய்த் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்கிறார். உறுப்புகள் தம் வலியைத் தலைக்குச் சொல்ல நாணுவதில்லை. அவ்வளவு நெருக்கம் நம்மிடையே இன்னும் வரவில்லை.

மடத்தின் குடாவில் இறங்கியபோது, எல்லாருக்கும் முன்பாக அங்கே அமர்ந்திருந்தவர்கள் படகில் வந்த அம்மையாரும் மாணவனும்தான். இரண்டரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். உணவுப் பொதி பிரிக்கப்படாமல் அவர் மடியில் இருந்தது. 'நடப்பதைவிடக் காத்திருப்பது களைப்பு' என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கமோலிப் பெண்மணி அவர். அவ்வூரின் பெயருக்கே 'மனைவியரின் வீடு' என்று மக்கள் பொருள் சொல்வதுண்டு. ஆண்கள் எல்லாரும் கடலில் இருக்க, ஊரில் இருந்தவர்கள் காத்திருந்த பெண்கள் மட்டுமே என்பதால். மொழியறிஞர் ஏற்பார்களோ இல்லையோ, ஊரார் ஏற்றிருக்கிறார்கள். அங்குள்ள பொஸ்கெத்தோ அன்னை திருத்தலத்தின் சுவர்களில், புயலில் தத்தளிக்கும் கப்பல்களின் ஓவியங்கள் நேர்ச்சையாகத் தொங்குகின்றன. அவை பிழைத்து வந்தவர்களின் நன்றிக் காணிக்கை. வராதவர்களுக்கு ஓவியம் ஏது?

வராதவர்களுக்காக அக்குடாவில் வேறொன்று இருக்கிறது. 1947-இல் அக்கடலில் மூழ்கி ஆய்ந்த முன்னோடிகளுள் ஒருவரான தாரியோ கோன்சாத்தி உயிரிழந்தார். அவருடைய தோழர் தூவிலியோ மர்க்காந்தே, கடலடியில் கிறிஸ்துவின் திருவுருவம் ஒன்றை நிறுவ விரும்பினார். போரில் மாண்ட மாலுமிகளின் பதக்கங்கள், கப்பல் மணிகள் போன்றவற்றை உருக்கி வார்த்த வெண்கலத்தில், சிற்பி குவீதோ கல்லெத்தி வடித்த அவ்வுருவம் 1954 ஆகஸ்டில் ஏறத்தாழ 17 மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்டது. 'ஆழத்தின் கிறிஸ்து' என்பது அதன் பெயர். இரு கைகளையும் மேல்நோக்கி விரித்து நிற்கிறார். கரையிலிருந்து அவரைக் காண முடியாது. மலையுச்சிகளில் சிலுவை நட்ட மக்கள், முதலில் சேர்ந்தவர்களுக்கு அங்கே அடையாளம் வைத்தார்கள்; இங்கே, சேராமலே போனவர்களோடு அவரை நிறுத்தியிருக்கிறார்கள்.

மடம் எவர் பெயரால் அமைந்ததோ அந்தப் புனித புருக்துவோசுஸ், ஸ்பெயின் நாட்டுத் தரகோனாவின் ஆயர். 259-ஆம் ஆண்டு சனவரி 21 அன்று, அவுகூரியுஸ், எவுலோகியுஸ் என்னும் தம் திருத்தொண்டர் இருவரோடு உயிருடன் எரிக்கப்பட்டார். அவர் களத்துக்குள் செல்லும்போது கிறிஸ்தவர் ஒருவர் அவர் கையைப் பற்றி, தம்மை நினைவுகூருமாறு வேண்டினாராம். கிழக்கிலிருந்து மேற்குவரை பரவியுள்ள திருச்சபை முழுவதையும் நான் நினைக்க வேண்டும் என்று ஆயர் எல்லாரும் கேட்க விடையளித்தார் என்று பழைய சாட்சிக் குறிப்பு கூறுகிறது. கேட்டவருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும் என்றே நாம் முதலில் எண்ணினோம். ஆனால் புனித அகுஸ்தீனார் தம் மறையுரை ஒன்றில் அதற்கு வேறு பொருள் கண்டார். உனக்காக நான் மன்றாட வேண்டுமானால், எவருக்காக மன்றாடுகிறேனோ அந்தக் கூட்டத்தை விட்டு நீ போய்விடாதே என்று ஆயர் சொன்னதாக அவர் விளக்குகிறார். கருமையும் வெண்மையும் மாறிமாறி அடுக்கிய தோரியா குடும்பத்துக் கல்லறைகளுக்கு அருகே இக்கதையைச் சொன்னபோது, தபால்காரர் மட்டும் தலையசைத்தார், மற்றவர்களுக்குப் பசி.

உணவுக்குப் பின் போர்த்தோபீனோவரை நடக்க மேலும் ஒன்றரை மணி நேரம் தேவைப்பட்டிருக்கும். முழங்கால் வலிக்காரரை எண்ணி, எல்லாரும் படகிலேயே கமோலிக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. மூன்று இளைஞர்களுக்கு வருத்தம்தான். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை, யாரும் கடிந்துகொள்ளவும் இல்லை. துறையில் தலைவர் தலைகளை எண்ணினார். பத்தொன்பது. மீண்டும் எண்ணினார், மீண்டும் பத்தொன்பது. முகம் வெளுத்துவிட்டது. மாணவன்தான், 'உங்களை எண்ணினீர்களா?' என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நாம் சற்றுக் கூடுதலாகவே சிரித்தோம். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பு அவர்கள் நாட்டவரான வீரமாமுனிவர் இதே கதையைத் தமிழில் எழுதியிருக்கிறார் என்றோம். எவருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை. பரமார்த்த குருவும் சீடர் ஐவரும் ஆற்றைக் கடந்ததையும், எண்ணுகிறவர் தம்மை விட்டுவிட்டே எண்ணி, ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுததையும், வழிப்போக்கர் ஒருவர் வந்து ஒவ்வொருவர் முதுகிலும் தடியால் ஒரு போடு போட்டு ஆறு பேரையும் எண்ணிக் காட்டியதையும் தட்டுத்தடுமாறி இத்தாலிய மொழியில் சொல்லிக்கொண்டிருந்தபோதே படகு வந்துவிட்டது. அம்மையாரை முதலில் ஏற்றினார்கள். தபால்காரர் கத்தியைத் துடைத்து மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு கடைசியாக ஏறினார்.